டர்பனில் மீன் வாங்கும்போது பாதரசத்தைக் குறைப்பது எப்படி

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று சுறாப்புட்டு செய்து கொடுப்பது நம் வீடுகளில் காலங்காலமாக நடக்கிறது. அந்த அக்கறையைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் கடல் மீன்களில் பாதரசம் மிக அதிகமாகச் சேரும் மீன்களில் சுறாவும் ஒன்று. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் முதலில் ஒதுக்க வேண்டியதே அதுதான். இதைக் கேட்டவுடன் சில வீடுகளில் மீனையே நிறுத்திவிடுகிறார்கள், அது இன்னொரு தப்பு. மீனில் கிடைக்கும் புரதமும் ஒமேகா-3 கொழுப்பும் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டியவை. அதனால் மீனை விட வேண்டாம், எந்த மீன் என்பதை மட்டும் மாற்றுங்கள். எதை எப்படி மாற்றுவது என்பதை டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் கடைக்குப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் இது மீனுக்குள் எப்படி வருகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், அது தெரிந்தால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டிய வேலை பாதி குறையும். பாதரசம் எரிமலையிலிருந்தும் வருகிறது, ஆனால் இன்று காற்றில் கலப்பதில் பெரும்பங்கு மனிதர் செய்வது. சின்ன அளவில் தங்கம் எடுக்கும் இடங்களில் தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் ஊற்றி எரிக்கிறார்கள், உலக அளவில் முதலிடம் அதற்குத்தான். அடுத்தது நிலக்கரி எரிப்பது. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி ம்புமலாங்கா மாகாணத்தில் எரியும் நிலக்கரியிலிருந்து வருகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். புகையோடு மேலே போன பாதரசம் மாதக்கணக்கில் காற்றில் சுற்றி, எங்கோ மழையோடு இறங்கிக் கடலில் சேர்கிறது. அதனால் மொசாம்பிக் கரையில் பிடித்த மீன், கேப் டவுனில் பிடித்த மீன் என்று இடத்தை வைத்து மட்டும் நிம்மதி அடைய முடியாது.

கடலில் விழுந்த பாதரசத்தை, ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் கடலின் நடு ஆழத்திலும் வாழும் சில பாக்டீரியாக்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. உயிருக்குள் புகுந்து தங்குவது இந்த வடிவம்தான். கண்ணுக்குத் தெரியாத பாசி வகைகள் இதைத் தண்ணீரில் இருப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு செறிவாக உடம்பில் சேர்த்துவிடுகின்றன. பாசியை நுண்ணுயிர் தின்கிறது, அதைச் சின்ன மீன், அதைப் பெரிய மீன், அதைச் சுறா. ஒவ்வொரு படியிலும் சில மடங்கு ஏறுகிறது. தின்றது சீக்கிரம் வெளியே போகாது, வாழ்நாள் முழுக்கச் சேர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் ஒரே கடலில், ஒரே வாரத்தில் பிடித்த இரண்டு மீன்களில் ஒன்றில் இருப்பது மற்றதில் இருப்பதைப் போல ஐம்பது மடங்கு, எழுபது மடங்கு என்று வித்தியாசம் வருகிறது.

இதிலிருந்து கடையில் நின்று கேட்க வேண்டிய கேள்விகள் தானாக வந்துவிடும். இந்த மீன் என்ன தின்று வளர்கிறது? எத்தனை வருஷம் வாழும்? இந்தத் துண்டு எவ்வளவு பெரிய மீனிலிருந்து வந்தது? பாசியையும் நுண்ணுயிரையும் தின்று, சில வருஷம் மட்டும் வாழ்ந்து, கைக்குள் அடங்குகிற மீன் என்றால் கவலை வேண்டாம். மற்ற மீன்களைத் துரத்தித் தின்று, பத்து இருபது வருஷம் வாழ்ந்து, ஆள் உயரம் வளர்ந்தது என்றால் தள்ளி வையுங்கள்.

இதில் வயதுதான் முக்கியம், உடம்பு மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். டொராடோ நல்ல பெரிய மீன், வேட்டை மீனும் கூட. ஆனால் அது வேகமாக வளர்ந்து நாலைந்து வருஷத்தில் முடிந்துவிடும், அதனால் அதன் உடம்புக்கு நாம் எதிர்பார்க்கும் அளவு பாதரசம் அதில் இருப்பதில்லை. சுறா அப்படியில்லை. நம் கரையில் திரியும் கருஞ்சுறா போன்ற இனங்கள் குட்டி போடும் வயதுக்கு வரவே ஏறக்குறைய 20 வருஷம் ஆகிறது. அத்தனை வருஷம் தின்றதெல்லாம் அதன் சதையில் இருக்கிறது.

இனி மீன் மீனாகப் பார்ப்போம். மத்தியில் தொடங்குகிறேன், காரணம் நமக்கு இங்கே இருக்கும் பெரிய அதிர்ஷ்டம் அதுதான். ஜூன், ஜூலையில் ஈஸ்டர்ன் கேப்பிலிருந்து மத்திக்கூட்டம் வடக்கே ஏறி வரும்போது போர்ட் எட்வர்ட், மார்கேட், ஸ்காட்பர்க், அமன்சிம்டோட்டி வரை கரைவலை இழுப்பவர்கள் பெட்டி பெட்டியாக அள்ளுகிறார்கள். மிதக்கும் நுண்ணுயிரைத் தின்று வளரும் மீன் இது, பாதரசம் மிகவும் குறைவு, ஒமேகா-3 நிறைய, விலையும் கட்டுப்படி. பிள்ளைத்தாய்ச்சிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இதைவிட நல்ல கடல் மீனை என்னால் காட்ட முடியாது. ஒரே ஒரு எச்சரிக்கை: கரையில் வெயிலில் கிடந்த மத்தியை வாங்காதீர்கள். சூட்டில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் சேர்ந்து, தின்றவுடன் முகம் சிவந்து தலைவலியும் படபடப்பும் வரும், சமைத்தாலும் அது போகாது. ஐஸ் பெட்டி எடுத்துக்கொண்டே போங்கள்.

சீசன் முடிந்ததும் என்ன செய்வது என்று கேட்காதீர்கள், டின் மீன் இருக்கிறது. தக்காளி சாஸில் போட்டு வரும் பில்சர்ட், அதே மத்தி இனத்தின் வளர்ந்த மீன்தான். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை போட்டு டின் மீன் குழம்பு வைக்காத டர்பன் தமிழ் வீடு உண்டா? வீட்டில் காசு குறைந்த வாரத்துச் சாப்பாடு என்று அதைக் கீழாக நினைக்கிறோம். பாதரசக் கணக்கில் பார்த்தால் விருந்தாளிக்கு வாங்கும் பெரிய மீனைவிட அது பல மடங்கு மேல். எலும்பும் மெதுவாகி இருக்கும், அதையும் சேர்த்துத் தின்றால் கால்சியமும் கிடைக்கும்.

அப்புறம் நெத்திலி, இறால், நண்டு, மசல் எல்லாமே குறைந்த பக்கம். உறையவைத்து விற்கும் மாஸ்பாங்கரும் பயமில்லாமல் வாங்கலாம். ஹேக் வெள்ளைச் சதை மீன், முள் குறைவு, பாதரசமும் குறைந்த வரிசையில் இருக்கிறது. முள்ளுக்குப் பயந்து பிள்ளைகள் மத்தியைத் தொடாத வீட்டில் ஹேக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

வஞ்சிரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், காரணம் நம் ஆட்களுக்கு அதன் மேல் இருக்கும் ஆசை. இங்கே கூட்டா என்று சொல்லி விற்பது, தமிழ்நாட்டில் வஞ்சிரம் என்று விற்கும் அதே இனம். அதன் அட்லாண்டிக் உறவான பெரிய கிங் மாக்கரலை அமெரிக்க அரசு கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய மீன் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. நம் கூட்டாவும் வேட்டை மீன்தான், வளர வளரப் பாதரசம் ஏறும். மூன்று நாலு கிலோ மீனும் இருபது கிலோ மீனும் ஒன்றாகாது. விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டிலோ வேறு எங்கேயோ வட்டமாக வெட்டி வைத்திருந்தால் துண்டின் அகலத்தைப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கினால் சின்ன மீன். தட்டை நிறைக்கிற வட்டம் என்றால் அது பல வருஷம் கடலில் திரிந்த மீன், அழகாக இருக்கிறதே என்று மயங்காதீர்கள். வீட்டில் கர்ப்பிணியோ சின்னப் பிள்ளையோ இருந்தால் கூட்டாவை அவர்கள் தட்டில் வைக்காமல் இருப்பதே நல்லது. மற்ற பெரியவர்கள் சின்ன மீனாகப் பார்த்து எப்போதாவது சாப்பிடலாம்.

ஷாட் மீனும் வேட்டை மீன், ஆனால் நாம் பிடிப்பது பெரும்பாலும் சின்ன அளவு. வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு. 30 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைத் திரும்ப விட வேண்டும், ஒருவர் ஒரு நாளைக்கு நாலுதான், அக்டோபர் நவம்பரில் பிடிக்கவே கூடாது என்பது தூண்டில் போடுகிற எல்லாருக்கும் தெரியும். ஸ்னூக், யெல்லோடெய்ல், கேப் சாமன், களவா, கிங்க்ளிப் இவையெல்லாம் நடுவில் வருபவை. மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் பெரியவர்களுக்குப் பிரச்சினை இல்லை, அதிலும் சின்ன மீனாகப் பாருங்கள்.

சூரையில் இனம் பார்க்க வேண்டும். டின்னில் வரும் ஸ்கிப்ஜாக் சின்ன சூரை, அளவோடு சாப்பிடலாம். மஞ்சள் துடுப்புச் சூரையும் அல்பகோரும் அதைவிட இரண்டு மூன்று மடங்கு. பெரிய கண் சூரை அதற்கும் மேல், அதைத் தொடாமல் இருங்கள். சுஷி கடையில் எந்தச் சூரை என்று கேட்டுப் பதில் வரவில்லையென்றால் வேறு மீன் கேளுங்கள்.

பெரிய கண் சூரையைப் போலவே தொடவே வேண்டாம் என்று நான் சொல்வது சுறா, வாள்மீன், மார்லின். இதில் வாள்மீனும் மார்லினும் நம் சமையலறைக்கு அடிக்கடி வருவதில்லை. சுறா வருகிறது, பல பெயரில் வருகிறது. பெயர் சொல்லாமல் தோல் உரித்து வெள்ளைத் துண்டாக மலிவாக விற்றால் என்ன மீன் என்று கேளுங்கள். பால்சுறா சின்னதுதானே என்று சில ஆயாக்கள் சொல்வார்கள். சின்னச் சுறாவில் பெரிய சுறாவைவிடக் குறைவு என்பது உண்மைதான், ஆனால் வெட்டிய துண்டைப் பார்த்து அது எந்த இனம், என்ன வயது என்று விற்பவருக்கே சொல்ல வராது.

கருவாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மீனைக் காயவைக்கும்போது தண்ணீர்தான் போகிறது, பாதரசம் அப்படியே நிற்கிறது. அதனால் எடைக்கு எடை பார்த்தால் சுறாக் கருவாட்டில் பச்சைச் சுறாவைவிடக் கூடுதலாகவே இருக்கும். நெத்திலிக் கருவாடு தாராளமாக வாங்குங்கள், உப்பை மட்டும் கவனியுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு

உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2003-ல் ஒரு வரம்பு சொன்னது: வாரத்துக்கு, உடல் எடை ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். வயிற்றுப் பிள்ளையை மனதில் வைத்துப் போட்ட வரம்பு இது. உங்கள் எடையை 1.6-ஆல் பெருக்குங்கள். 60 கிலோ பெண்ணுக்கு 96 மைக்ரோகிராம் வரும். 20 கிலோ பிள்ளைக்கு 32.

அடுத்தது மீன். ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வதும் ஒரு கிராமுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று சொல்வதும் ஒன்றேதான், அதனால் தட்டில் விழும் கிராமை அந்த எண்ணால் பெருக்கினால் போதும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளியிட்ட சராசரிகளில் சுறா 0.98, வாள்மீன் 0.99, பெரிய கண் சூரை 0.69, மஞ்சள் துடுப்புச் சூரை 0.35, டொராடோ 0.18, டின்னில் வரும் சாதாரண சூரை 0.13, ஹேக் 0.08, மத்தி 0.013. அவர்கள் கடையில் வாங்கி அளந்த மீன் அது, நம் கரையில் பிடித்ததில் எண் கொஞ்சம் ஏறி இறங்கும், ஆனால் எது மேலே எது கீழே என்ற வரிசை பெரும்பாலும் மாறாது.

இப்போது ஒரு வேளைக்கு 150 கிராம் என்று வையுங்கள். சுறா என்றால் 147 மைக்ரோகிராம், 60 கிலோ பெண்ணின் ஒரு வார வரம்பை ஒரே சாப்பாட்டில் தாண்டியாகிவிட்டது. ஹேக் என்றால் 12. மத்தி என்றால் வெறும் 2. அதே வரம்புக்குள் அவள் வாரம் முழுக்க மூன்று வேளையும் மத்தி தின்றாலும் பாதிக்குக் கீழேதான் இருப்பாள். 20 கிலோ பிள்ளைக்கு 75 கிராம் மஞ்சள் துடுப்புச் சூரை கொடுத்தால் 26 வரும், அதாவது ஒரே வேளையில் வார அளவு ஏறக்குறைய முடிந்துவிட்டது.

கடையில் விற்கிறார்களே, சட்டம் அனுமதித்ததுதானே என்று கேட்பீர்கள். தென்னாப்பிரிக்காவில் மீனுக்கு ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், பெரிய வேட்டை மீன்களுக்கு 1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். உலக உணவுத் தர ஆணையம் 2018-ல் சுறாவுக்கு 1.6, மார்லினுக்கு 1.7, சூரைக்கு 1.2 என்று வைத்தது. எந்த மீனில் அதிகமோ அதற்கு வரம்பும் அதிகம் என்று பார்த்தவுடன் புரியும். இந்த எண்கள் வியாபாரத்துக்கானவை. வரம்புக்குள் இருக்கும் மீன் என்பதற்கு உங்கள் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சி அதை வாரம் இரண்டு முறை தின்னலாம் என்று பொருள் கிடையாது.

கழுவினால் போகுமா, பொரித்தால் போகுமா

போகாது. மெத்தில் பாதரசம் மீனின் சதையில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் தேய்த்தாலும், புளியில் ஊறவைத்தாலும், எலுமிச்சை பிழிந்தாலும், கொதிக்கவைத்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். பொரிக்கும்போது தண்ணீர் வற்றி துண்டு சிறுத்துவிடும், துண்டில் இருந்த பாதரசம் சிறுக்காது. தோலையும் கொழுப்பையும் நீக்கினால் சில வேறு நச்சுகள் குறையும், பாதரசத்துக்கு அந்த வழி உதவாது. அதே காரணத்தால் மீன் எண்ணெய் மாத்திரையில் பாதரசம் மிகவும் குறைவு, சதை அதில் இல்லையே. ஆக, சமையலறையில் செய்ய ஒன்றும் இல்லை. தீர்மானிக்க வேண்டியது கடையில் நிற்கும்போதுதான்.

பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே

உண்ட மெத்தில் பாதரசத்தில் ஏறக்குறைய எல்லாமே குடலிலிருந்து இரத்தத்துக்குப் போய்விடும். உடம்பு அதை மெதுவாக வெளியேற்றுகிறது, பாதியாகக் குறைய சுமார் 50 நாள் ஆகிறது. நம்மில் பலர் புரட்டாசி முழுக்கக் கவுச்சி தொடுவதில்லை. அந்த ஒரு மாதத்தில் உடம்பில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். விரதம் முடிந்த மறுநாளே பெரிய கூட்டா வாங்கிக் குழம்பு வைத்தால் அந்தப் பலன் போய்விடும், மத்தியோ ஹேக்கோ வைத்து முடியுங்களேன்.

இந்த 50 நாள் கணக்கினால்தான், மாதவிடாய் தள்ளிப்போனதும் யோசிப்பது தாமதம் என்று சொல்கிறேன். பிள்ளை வேண்டும் என்று பேசத் தொடங்கும்போதே, ஆறு மாதம் முன்னாடி பெரிய வேட்டை மீன்களை நிறுத்திவிட்டால் உடம்பில் பழையது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். கல்யாணம் நிச்சயமான பெண்களுக்கு யாராவது ஒரு மாமியோ பெரியம்மாவோ இதைச் சொல்லி வைத்தால் எவ்வளவு நல்லது.

ஏன் இத்தனை கவனம் என்றால், மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும், போவது மட்டுமில்லை, தொப்புள்கொடி இரத்தத்தில் தாயின் இரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாகவே இருக்கும். வளரும் மூளைதான் அதற்கு முதல் இலக்கு. ஜப்பானின் மினமாட்டாவில் ஒரு ரசாயன ஆலை குடாவில் கொட்டிய பாதரசம் மீன் வழியாக மக்களுக்குப் போய், 1956-ல் நோய் அடையாளம் காணப்பட்டபோது, பெரிதாக நோய் தெரியாத தாய்மாருக்குக் கூட கடுமையான மூளைப் பாதிப்போடு பிள்ளைகள் பிறந்தார்கள். அது மிக மோசமான அளவு, நம் மீன் குழம்போடு அதை ஒப்பிட முடியாது. அன்றாட அளவுக்கு வேறு இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஃபாரோ தீவுகளில் தாய்மார் பைலட் திமிங்கில இறைச்சி தின்றார்கள், அவர்களின் பிள்ளைகளுக்கு ஏழு வயதில் மொழி, கவனம், நினைவு ஆகியவற்றில் சின்னச் சின்னக் குறைவுகள் தெரிந்தன. நம் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் சீஷெல்ஸில் தாய்மார் வாரத்துக்குப் பன்னிரண்டு வேளை வரை பலவகை மீன் தின்றார்கள், அங்கே அப்படித் தெளிவான பாதிப்பு தென்படவில்லை. மீனில் இருக்கும் நல்ல சத்துகள் கைகொடுத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: மீன் நிறையத் தின்பது கெடுதல் இல்லை, பாதரசம் செறிந்த உயிரைத் தின்பதுதான் கெடுதல். கர்ப்பிணிகள் வாரம் இரண்டு மூன்று வேளை, மொத்தம் 225 முதல் 340 கிராம் வரை பாதரசம் குறைந்த மீன் சாப்பிட வேண்டும் என்றுதான் அமெரிக்க அறிவுரையும் சொல்கிறது.

பால் கொடுக்கும் காலத்தில் ஆபத்து அதைவிடக் குறைவு, பால் வழியாகப் போகும் மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடி வழியாகப் போவதைவிடக் கொஞ்சம்தான். அதனால் பாதரசத்துக்குப் பயந்து தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். சுறாவை மட்டும் நிறுத்துங்கள்.

புட்டு வேண்டும் என்று பெரியவர்கள் ஆசைப்பட்டால் மறுக்க வேண்டாம், மத்தியிலோ ஹேக்கிலோ அதையே செய்யலாம். மத்தியைக் குடல் நீக்கிக் கழுவி, மஞ்சளும் உப்பும் தடவி ஆவியில் வேகவையுங்கள். ஆறியதும் நடுமுள்ளை முழுசாக இழுத்தால் அப்படியே வந்துவிடும், பக்க முள்ளை விரலால் தடவி எடுத்துவிட்டுச் சதையை உதிர்த்துக்கொள்ளுங்கள். சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி, கடுகு, சீரகம், பொடியாக நறுக்கிய வெங்காயம், நிறையப் பூண்டு, கொஞ்சம் இஞ்சி, பச்சை மிளகாய், வீட்டு மரத்துக் கறிவேப்பிலை போட்டு வதக்கி, உதிர்த்த மீனைச் சேர்த்து, சின்னத் தீயில் தண்ணீர் வற்றிப் பொலபொலவென்று வரும் வரை கிளறுங்கள். கடைசியில் மிளகுத்தூள். சுறாவின் அந்த நார் போன்ற பதம் ஹேக்கில் கொஞ்சம் கிடைக்கும், மத்தியில் கிடைக்காது, ருசி மத்தியில்தான் கூடுதல். பூண்டும் மிளகும் சீரகமும் பிள்ளை பெற்றவளுக்கு என்று பெரியவர்கள் சொல்வதெல்லாம் இதில் அப்படியே இருக்கிறது, மாமியாருக்கும் மனசு நிறையும்.

இனாண்டா அணையில் தூண்டில் போடுகிறவர்களுக்கு

இதுவரை சொன்னது கடல். ஃபீனிக்ஸ், வெருலம் பக்கத்திலிருந்து இனாண்டா அணைக்கும் உம்கேனி ஆற்றுக்கும் மீன் பிடிக்கப் போகிறவர்கள் இதையும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் நம் மாகாணத்திலேயே உலகம் பேசிய ஒரு பாதரசக் கதை இருக்கிறது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே கேட்டோ ரிட்ஜில் தோர் கெமிக்கல்ஸ் என்ற ஆலை வெளிநாட்டுப் பாதரசக் கழிவைக் கொண்டுவந்து பதப்படுத்தியது. ஆலைப் பக்கத்து ம்ங்செவேனி ஓடையில் பாதரசம் கலந்திருப்பது 1990 வாக்கில் தெரியவந்தது. அந்த ஓடை போய்ச் சேருவது உம்கேனி, உம்கேனி போய் நிற்பது இனாண்டா அணையில். 1992-ல் தொழிலாளர்கள் பாதரச நஞ்சால் மருத்துவமனைக்குப் போனார்கள், சிலர் இறந்துபோனார்கள். இருபது பேர் சார்பில் இங்கிலாந்தில் போட்ட வழக்கு 1997-ல் 13 லட்சம் பவுண்ட் இழப்பீட்டோடு முடிந்தது. கழிவு அதன் பிறகும் பல வருஷம் அந்த வளாகத்திலேயே கிடந்தது. அந்த மனிதர்களுக்கு நடந்தது இன்னும் மனசை அறுக்கிறது, அவர்கள் மீன் தின்று நோயாகவில்லை, வேலைக்குப் போய் நோயானார்கள்.

ஆற்றுச் சேற்றில் இறங்கிய பாதரசம் சீக்கிரம் போகாது, அங்கேயே மெத்தில் பாதரசமாக மாறி மீனுக்குள் ஏறும். அதனால் அந்த ஓடை சேரும் இடத்துக்குக் கீழே உம்கேனியிலும் அணையிலும் பிடிக்கும் பெரிய பாஸ், பெரிய கெளுத்தி ஆகியவற்றை வீட்டுக்குக் கொண்டுவராமல் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். பாஸ் மற்ற மீனைத் தின்பது, கெளுத்தி வருஷக்கணக்கில் சேற்றோடு கிடப்பது. சின்னத் திலாப்பியா எப்போதாவது என்றால் பெரியவர்களுக்குச் சரி. பிள்ளைத்தாய்ச்சிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த நீரில் பிடித்த எதுவும் வேண்டாம் என்பேன். கடல் மத்தி இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது எதற்கு அந்த ஐயம்?

ஏற்கெனவே நிறையத் தின்றிருந்தால்

விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போவது, கூச்சம், நடை தடுமாறுவது, பார்வையின் ஓரம் சுருங்குவது ஆகியவை மெத்தில் பாதரசம் அதிகமானால் வரும் அறிகுறிகள். இவை சர்க்கரை நோயிலும் பி12 குறைவிலும் கூட வரும், நம் ஆட்களில் இரண்டும் நிறைய, அதனால் நீங்களாக முடிவு கட்டாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது எந்த மீன், வாரம் எத்தனை முறை என்று எழுதிக்கொண்டு போங்கள். மீன் வழியாக வந்த பாதரசத்தை இரத்தத்திலோ முடியிலோ பார்க்க வேண்டும், சிறுநீர்ச் சோதனை இதற்குச் சரியாகக் காட்டாது. முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், மண்டையோடு ஒட்டிய முதல் சில சென்டிமீட்டரைப் பார்த்தால் கடந்த சில மாதத்து வரவு தெரியும்.

முகம் வெளுக்கும் கிரீம் ஏதாவது பூசுகிறீர்கள் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தடை செய்த பிறகும் சில கிரீம்களில் பாதரசம் சேர்த்து விற்கிறார்கள். அது வேறு வகைப் பாதரசம், சிறுநீரகத்தைத் தாக்கும், அதற்குத்தான் சிறுநீர்ச் சோதனை. ஊரிலிருந்து வரவழைத்த பஸ்பம், செந்தூரம் சாப்பிட்டாலும் அப்படியே, சிலவற்றில் ரசம், அதாவது பாதரசம், சேர்ப்பார்கள்.

நச்சு இறக்கும் மருந்து என்று இணையத்தில் விற்பதை வாங்கி உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அறிகுறி இல்லாமல் அளவு மட்டும் கொஞ்சம் கூடியிருந்தால் பெரும்பாலும் மருத்துவர் சொல்வது பெரிய மீனை நிறுத்தச் சொல்வதுதான். நிறுத்திய பிறகு மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள், அளவு முன்பு இருந்ததில் நான்கில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வீட்டில் வேறு எங்கிருந்தோ பாதரசம் வந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டு, கிரீமிலிருந்தும் பஸ்பத்திலிருந்தும் தேடத் தொடங்குங்கள்.